தெருப் பையன், நீராவி, லண்டன்: என் நாவலின் முடிவை மாற்றலாமா?

லயத்துக்காரி (சுங்கை சிப்புட்) | ஞாயிறு, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். இளையோருக்காகத் தமிழில் ஒரு ஸ்டீம்பங்க் மர்ம நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினொரு அத்தியாயம் முடிந்துவிட்டது. நேற்று ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்குப் பிறகு பன்னிரண்டாவது நகரவே மாட்டேன் என்கிறது.

இந்த வகைக் கதை பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீராவிக் காலம் முடியாமலே வளர்ந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனைதான் ஸ்டீம்பங்க். பெயர் வந்தது 1987-ல், கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற எழுத்தாளர் ‘லோக்கஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில். சார்லஸ் பாபேஜ் 1837-ல் ஒரு கணக்கு இயந்திரத்துக்குத் திட்டம் போட்டார். பல்சக்கரங்களால் ஆனது, துளையிட்ட அட்டைகளைப் படித்து வேலை செய்யக்கூடியது. அவர் காலத்தில் அது முழுமையாகக் கட்டப்படவே இல்லை. என் கதையில் கட்டிவிட்டார்கள். தேம்ஸ் ஆற்றங்கரையில் ஒரு மாளிகை முழுக்க அந்த இயந்திரம், அதை ஓட்ட ஒரு பெரிய பாய்லர்.

கதை 1884-ல் நடக்கிறது. நாயகன் பதின்மூன்று வயதுத் தெருப் பையன். ஆற்றில் நீர் வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கி, படகிலிருந்து விழுந்த கரித்துண்டு, செம்பு ஆணி, கயிறு எல்லாம் பொறுக்கி விற்கிறவன். இப்படிப்பட்ட பிள்ளைகள் நிஜமாகவே இருந்தார்கள். ஹென்றி மேஹியூ என்ற பத்திரிகையாளர் 1851-லேயே அவர்களோடு பேசி எழுதி வைத்திருக்கிறார். என் பையனைக் கரிக்குருவி என்று கூப்பிடுவார்கள். ராத்திரியில் பாய்லர் அறையில் படுத்துக்கொள்ள அங்கே நெருப்புத் தள்ளும் கிழவர் இடம் கொடுக்கிறார். ஒருநாள் பாய்லர் வெடிக்கிறது, மூன்று பேர் சாகிறார்கள், பழி கிழவர் மேல் விழுகிறது. அவர் குற்றமற்றவர் என்று கரிக்குருவி நிரூபிக்க வேண்டும். கடைசியில் அவன் கழுத்தில் கிடந்த லாக்கெட் திறக்கிறது, அந்த மாளிகையின் பிரபுவுக்கு அவன் பேரன் என்று தெரிகிறது.

சனிக்கிழமைகளில் கடைவீதியில் ஒரு மாடி அறையில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். நேற்று முதல் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டாம் படிவப் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கி, “டீச்சர், அவனுக்கு ஏன் யாருமே இல்ல? பக்கத்து வீட்டுல ஒருத்தரும் சோறு போட மாட்டாங்களா?” என்றாள்.

பெரிய நகரம், யாருக்கும் யாரையும் தெரியாது என்று என்னென்னவோ சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. எனக்கும்தான்.

இரண்டு கேள்விகள். கதையை லண்டனிலிருந்து நம் மலேசியப் பக்கம் கொண்டுவந்துவிடலாமா? அந்த லாக்கெட் முடிவு சரியா?

---

பட்டணத்து வாசகன் (ஈப்போ) | ஞாயிறு, இரவு 9.40

லண்டனை விடாதீர்கள். மூடுபனி, பித்தளைக் குழாய், எரிவாயு விளக்கு இதற்காகத்தான் பிள்ளைகள் இந்த வகைக் கதைக்கே வருகிறார்கள். லாக்கெட்டும் இருக்கட்டும். பதின்மூன்று வயதில் நான் இப்படிப்பட்ட கதைகளில்தான் கிடந்தேன். வீட்டில் கடன்காரர் வந்து கதவைத் தட்டுவார், நான் உள்ளே படுத்துக்கொண்டு ‘நானும் யாரோ ஒரு பெரிய மனிதரின் பேரன்’ என்று நினைத்துக்கொள்வேன். அது எனக்குத் தெம்பு கொடுத்தது. ஒரு பிள்ளையிடமிருந்து அந்தக் கனவைப் பிடுங்காதீர்கள்.

---

கித்தாப்பால் (பஹாவ்) | ஞாயிறு, இரவு 10.05

நான் நேர் எதிர். கதை நம் தோட்டத்துக்கு வர வேண்டும். விடியற்காலை நாலரைக்குப் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, சங்கு, புகைவீட்டில் தொங்கும் ரப்பர் சீட், பால் சேர்ந்ததும் அடிக்கிற அந்தப் புளித்த வாடை. மெஷினில் விட்டால் கோடு கோடாக அச்சு விழுந்து வரும் சீட்டை எட்டு வயதில் தொட்டுப் பார்த்தவன் நான். அது போதாதா? 1884-ல் ஒரு ரப்பர் ஆலை, அதில் ஒரு அநாதைப் பையன் என்று எழுதுங்கள்.

---

தைப்பிங் மழை | ஞாயிறு, இரவு 11.20

அண்ணே, கோபிக்க வேண்டாம். 1884-ல் மலாயாவில் ரப்பர் தோட்டமே கிடையாது. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள். அதில் சில கோலகங்சாருக்குப் போயின, அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து அரை மணி நேரம்தான், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம். டான் சே யான் என்பவர் மலாக்காவில் வியாபாரத்துக்காக ரப்பர் நட்டது 1896-ல். அதற்கு முன்னால் நம் ஆட்கள் வெட்டியது கரும்பும் காப்பியும்.

ஆனால் லயத்துக்காரி அக்கா கதையை நகர்த்த வேண்டியதே இல்லை. அந்த லண்டனுக்குள் நம் மண் ஏற்கனவே இருக்கிறது. கடலடித் தந்திக் கம்பிக்கு மேலுறை எதில் போட்டார்கள்? இங்கே காட்டில் வளர்ந்த மரத்தின் பாலில், ஆங்கிலத்தில் கட்டா பெர்ச்சா என்பார்கள். 1840-களில் சிங்கப்பூரிலிருந்து போன சரக்கு அது. உப்புத் தண்ணீரில் கெடாது, மின்சாரத்தைக் கசிய விடாது. 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் போட்ட கம்பியிலும் அதுதான். மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கம்பி வந்து சேர்ந்தது 1871-க்குள். ஒரு மரத்தில் கிடைக்கிற கொஞ்சம் பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். காடு காடாகப் போனது.

ஈயமும் அப்படித்தான். எங்கள் ஊரிலிருந்து போர்ட் வெல்டுக்கு ரயில் விட்டதே ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகத்தான். 1885 ஜூன் 1-ம் தேதி, ஏறக்குறைய 13 கிலோமீட்டர், இந்த நாட்டின் முதல் ரயில். கரிக்குருவியின் காலத்துக்கு ஒரு வருடம் தள்ளி.

இன்னொன்று. பிரிட்டனில் பாய்லர் வெடிப்புச் சட்டம் வந்தது 1882-ல். பாய்லர் வெடித்தால் அரசு விசாரிக்க வேண்டும். உங்கள் கதைக்கு விசாரணை மண்டபம் தயாராகவே இருக்கிறது அக்கா. துப்பறிகிற பையனுக்கு அது போதும், பிரபு எதற்கு?

---

கித்தாப்பால் (பஹாவ்) | திங்கள், காலை 6.30

சரி தம்பி, ஒப்புக்கொண்டேன். நீங்கள் சொன்ன அந்தப் பாலின் ஆங்கிலப் பெயரில் வரும் ‘கட்டா’, மலாய் ‘கெத்தா’தானே? நாமும் அதைத்தான் கித்தா ஆக்கினோம். ரப்பருக்கு என் பாட்டி கித்தா மரம், கித்தாக் காடு என்பதைத் தவிர வேறு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. லண்டன் வியாபாரியும் என் பாட்டியும் ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கதையில் ஒரு வரியாவது வையுங்கள்.

---

மூன்றாம் வரிசை (சுங்கை சிப்புட்) | திங்கள், மதியம் 1.15

நான் அதிகம் எழுதுகிறவள் இல்லை. அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

என் தாத்தா அநாதை. அவருடைய அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபரில் முடித்தார்கள். போன தோட்டத்து ஆட்களில் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர், அதில் அவரும் ஒருவர். அம்மா அடுத்த வருடம் காய்ச்சலில் போய்விட்டார். தாத்தாவுக்கு அப்போது ஆறு வயது.

அவர் தெருவுக்குப் போகவில்லை. லயத்திலேயே, தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, இருந்தார். காலையில் எந்த வீட்டு அடுப்பு முதலில் எரிகிறதோ அந்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாராம். எல்லா வீட்டிலும் மரவள்ளிக்கிழங்குதான். யாரும் வா என்று கூப்பிட மாட்டார்கள், போ என்றும் சொல்ல மாட்டார்கள். தட்டு வரும். இதைச் சொல்லும்போது அவர் கையால் தட்டு வைக்கிற மாதிரியே தரையில் வைத்துக் காட்டுவார்.

ஆனால் அதோடு முடியவில்லை. 1949-ல் அடையாளக் கார்டு எடுக்கப் போனபோது மேசைக்குப் பின்னாலிருந்தவர் தகப்பன் பெயர் கேட்டார். தாத்தாவுக்குத் தெரிந்ததெல்லாம் ‘அப்பா’ தான். ஊரில் எல்லோரும் அவரைப் பட்டப்பெயரில்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், அதை எழுத முடியாது. வரிசை நின்றுவிட்டது. கூட வந்த பக்கத்து வீட்டு அம்மா தன் புருஷன் பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். இன்று எங்கள் குடும்பத்தின் பிறப்புப் பத்திரங்களில் ஓடுவது ரத்தத்தில் எங்களுக்கு எந்தச் சொந்தமும் இல்லாத அந்த மனிதரின் பெயர். அவருடைய திவசத்துக்கு என் அப்பா இன்றைக்கும் படையல் போடுகிறார்.

அதனால் லாக்கெட் திறந்து பிரபு வெளியே வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படியானால் அந்தப் பையனுக்குச் சோறு போட்டவர் யார்? நெருப்புத் தள்ளுகிற அந்தக் கிழவர்தானே?

---

தைப்பிங் மழை | திங்கள், மதியம் 1.50

அக்கா, இதைப் படித்துவிட்டு வேலையில் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

---

பாய்லர் டிரைவர் (ஓய்வு) | திங்கள், இரவு 8.30

வணக்கம். என் மகள்தான் இந்த இழையைக் காட்டினாள். செம்பனை எண்ணெய் ஆலையில் 26 வருடம் பாய்லர் பார்த்தவன். நீராவி என்றால் அந்தக் காலம் என்கிற மாதிரி எல்லோரும் எழுதுகிறீர்கள். நம் ஊர்களைச் சுற்றி இன்றைக்கு ராத்திரியும் நீராவி ஓடிக்கொண்டிருக்கிறது. பழக்குலை ஆலைக்குள் வந்ததும் முதல் வேலை அதை நீராவியில் வேகவைப்பதுதான். மூன்று பார் அழுத்தம், 130 டிகிரிக்கு மேல், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பாய்லருக்குத் தீனி பழத்தின் நாரும் கொட்டை ஓடும். அதே நீராவியில் டர்பைன் சுற்றி ஆலைக்கு மின்சாரம். பஸ்ஸில் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறீர்களே, அந்த வாடை அதுதான்.

இப்போது டீச்சர் கதைக்கு வருகிறேன். பாய்லர் எப்படி வெடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள்? ‘அழுத்தம் கூடி வெடித்தது’ என்றால் பத்தாது. பெரும்பாலும் தண்ணீர் குறைந்துதான் வினை வரும். நெருப்புப் படுகிற தகட்டுக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். இறங்கிவிட்டால் தகடு பழுக்கும், இளகும், உள்ளே இருக்கிற அழுத்தம் அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அந்த நேரத்தில் பதறிப்போய் தண்ணீரைத் திறந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். முதலில் நெருப்பை எடுக்க வேண்டும்.

தண்ணீர் அளவைக் காட்டுவது கேஜ் கிளாஸ், செங்குத்தாக நிற்கிற கண்ணாடிக் குழாய். பாதி வரை தண்ணீர் இருந்தால் தண்ணீர் மட்டம் தெரியும், சிக்கல் இல்லை. முழுக்க நிரம்பிவிட்டாலோ முழுக்க வற்றிவிட்டாலோ மட்டமே தெரியாது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு ஆலையில் நான் ராத்திரி ஷிப்ட் ஏறிய நேரம், புதிதாக வந்த பையன் “அண்ணே, கிளாஸ் புல்லா இருக்கு” என்றான். கிட்டப் போய்ப் பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது. காலி. நெருப்பை இழுத்துப் போட்டோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது? குழாய்க்குப் பின்னால் ஒரு தகடு இருக்கும். அதில் கறுப்பும் வெள்ளையுமாகச் சாய்வுக் கோடுகள் போட்டிருக்கும். குழாயில் தண்ணீர் இருந்தால் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும். தண்ணீர் இல்லாவிட்டால் போட்டபடியே தெரியும். அவ்வளவுதான். இதற்குப் படிப்பு வேண்டாம், கண் வேண்டும். பாய்லர் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற பிள்ளைக்கு இது மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

அப்புறம் இன்னொரு காவல் உண்டு. அந்தக் காலத்துப் பாய்லரில் நெருப்புக்கு நேர் மேலே ஒரு பித்தளைத் திருகு இருக்கும், நடுவில் ஓட்டை போட்டு ஈயம் ஊற்றியிருப்பார்கள். தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகி, அந்த ஓட்டை வழியாக நீராவி நெருப்பின் மேல் பாயும். ஈயம் 232 டிகிரியில் உருகும். வேலை அடிக்கடி நிற்கிறது என்று எரிச்சல்படுகிற முதலாளி என்ன செய்வான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

---

ஐந்தாம் படிவம் (சுங்கை சிப்புட்) | திங்கள், இரவு 10.10

அங்கிள், நான் செய்து பார்த்துவிட்டேன்! உருண்டையான கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ஒரு காகிதத்தில் சாய்வாகக் கோடு போட்டு, பாட்டிலுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். கோடு அப்படியே மறுபக்கம் சாய்ந்துவிட்டது. தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிடித்தால் பழையபடி. காகிதத்தைப் பாட்டிலோடு ஒட்டி வைத்தால் திரும்பவில்லை, கொஞ்சம் தள்ளித்தான் பிடிக்க வேண்டும். பாட்டி என்னவென்று வந்து பார்த்துவிட்டு அவரும் இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார்.

டீச்சர், முடிவைப் பற்றி நானும் சொல்லலாமா? அம்மா அப்பா இரண்டு பேரும் சிங்கப்பூரில் வேலை, நான் பாட்டியோடு இருக்கிறேன். நான் அநாதை இல்லை. இருந்தாலும் கரிக்குருவி ராத்திரி பாய்லர் சத்தத்தை எண்ணிக்கொண்டே தூங்குகிற இடம் எனக்குப் புரிந்தது. எனக்குப் பணக்காரத் தாத்தா வேண்டாம். ஆனால் ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அவனுடைய அம்மா அவனைத் தேடி வந்தாளா இல்லையா?

---

தைப்பிங் மழை | திங்கள், இரவு 11.00

இந்தக் கேள்விக்கு லண்டனிலேயே ஒரு பொருள் இருக்கிறது. அங்கே தாமஸ் கோரம் என்பவர் முயற்சியில் உருவான கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லம் 1741-ல் முதல் குழந்தைகளை எடுத்துக்கொண்டது. தாய் குழந்தையை விடும்போது ஒரு அடையாளம் கொடுப்பாள். தேய்ந்த காசு, துணித்துண்டு, ஒரு பொத்தான், ஏதாவது. பிறகு மீட்க வந்தால் அதைச் சொல்லி நிரூபிக்க வேண்டும். குழந்தைக்கு இல்லம் புதுப் பெயர் வைத்துவிடும், அதனால் அந்தத் துண்டுதான் ஒரே நூல். மீட்கப்பட்ட குழந்தைகள் மிகக் குறைவு. அடையாளங்கள் இன்னும் பாதுகாப்பில் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை: இது பதினெட்டாம் நூற்றாண்டு வழக்கம், 1884-ல் கிடையாது. ஆனால் ஸ்டீம்பங்கில் கட்டாத இயந்திரத்தையே கட்டலாம் என்றால் நின்றுபோன வழக்கத்தை நீட்டிக்கவும் செய்யலாம் என்று நினைக்கிறேன். என் கணக்கு இதுதான்: இயந்திரத்தை இஷ்டப்படி மாற்றுங்கள், பசியைக் குறைத்துக் காட்டாதீர்கள். புகைபோக்கிக்குள் சின்னப் பிள்ளைகளை ஏற்றுவதை உண்மையாகவே நிறுத்த 1875-ல் வந்த சட்டம் தேவைப்பட்டது. அதற்கு முந்தைய சட்டங்களை யாரும் மதிக்கவில்லை. அந்த ஊர் அப்படித்தான் இருந்தது.

---

லயத்துக்காரி (சுங்கை சிப்புட்) | புதன், இரவு 9.30

இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். லண்டன் லண்டனாகவே இருக்கும், பிரபு போய்விட்டார். பட்டணத்து வாசகன் சார், உங்களை நினைத்துக்கொண்டேதான் அவரை எடுத்தேன், மனத்தாங்கல் வேண்டாம்.

இப்போது கதை இப்படிப் போகிறது. விசாரணையில் மேற்பார்வையாளர் சாட்சி சொல்கிறார்: “நானே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன், நிரம்பியிருந்தது, அதனால்தான் நெருப்பைக் கூட்டச் சொன்னேன்.” கரிக்குருவி பின்வரிசையிலிருந்து கேட்கிறான்: “கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது ஐயா?” அவர் யோசிக்காமல் கையைச் சாய்த்துக் காட்டுகிறார். தகட்டில் போட்டிருந்த அதே பக்கம். கிழவர் தண்ணீர் இறங்குகிறது என்று முன்பே சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்கு உறைக்கிறது.

அந்தத் திருகும் கிடைக்கிறது. வெடித்த இரும்பையெல்லாம் ஆற்றங்கரையில் கொட்டிவிட்டார்கள். கரிக்குருவி சேற்றில் துழாவி எடுக்கிறான். நடுவில் ஈயம் இருக்க வேண்டிய ஓட்டையில் பித்தளையை அடித்து அடைத்திருக்கிறார்கள். இருட்டில், கையின் கனத்தையும் உரசலையும் வைத்தே எது செம்பு, எது பித்தளை, எது ஈயம் என்று சொல்லக்கூடிய பிள்ளை அவன். அதை விற்றுத்தான் சாப்பிட்டான். பதினொரு அத்தியாயமாக இதை அவனுடைய வறுமை என்று மட்டுமே எழுதிக்கொண்டிருந்தேன். அவனுடைய படிப்பு அதுதான் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன். நாம் பேராக்கில் ஈயம் என்றால் ஈய லம்பத்து, அதாவது ஈயச் சுரங்கத்து, ஈயம். தமிழ்நாட்டு வாசகர் காரீயம் என்று எடுத்துக்கொள்வார், அது 327 டிகிரியில்தான் உருகும். அதனால் முதல் தடவை மட்டும் வெள்ளீயம் என்று எழுதி, அப்புறம் நம் வழக்கப்படி ஈயம் என்றே விட்டுவிட்டேன்.

லாக்கெட் இப்போது ஒரு பாதிப் பொத்தான். இல்லத்துப் பேரேட்டில் அதன் மறுபாதி ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் இரண்டு தேதிகள். துணி வெளுக்கிற பெண் ஒருத்தி இரண்டு தடவை வந்து கேட்டிருக்கிறாள், இரண்டு தடவையும் கட்டப் பணம் போதவில்லை. மூன்றாவது தேதி இல்லை. ஐந்தாம் படிவத் தங்கை, இதற்கு மேல் என்னால் கொடுக்க முடியவில்லை.

மூன்றாம் வரிசை அக்கா, கடைசிப் பக்கத்தில் விசாரணை எழுத்தர் பையனிடம் தகப்பன் பெயர் கேட்கிறார். கிழவர் பக்கத்தில் நிற்கிறார். உங்கள் தாத்தா கதையிலிருந்து எடுத்தது. நீங்கள் வேண்டாம் என்றால் நீக்கிவிடுகிறேன்.

---

மூன்றாம் வரிசை (சுங்கை சிப்புட்) | வியாழன், காலை 7.05

வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இருக்கட்டும் என்றார்.

---

பட்டணத்து வாசகன் (ஈப்போ) | வியாழன், காலை 8.20

மனத்தாங்கல் இல்லை. பிரபு இல்லாதது இன்னும் எனக்குக் குறையாகத்தான் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கோட்டுக் கேள்வியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அச்சுக்குப் போகும்போது சொல்லுங்கள், பத்துப் பிரதி என் கணக்கில். எங்கள் பகுதித் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுத்துவிடுகிறேன்.

---

பாய்லர் டிரைவர் (ஓய்வு) | வியாழன், இரவு 8.45

டீச்சர், கிழவர் நெருப்பைக் கூட்டுவதற்கு முன்னால் பம்ப் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஒரு வரி போடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்வோம், கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே.

சனிக்கிழமை வகுப்பு எத்தனை மணிக்கு? வீட்டில் பழைய கேஜ் கிளாஸ் ஒன்று வைத்திருக்கிறேன், உடையாமல் துணி சுற்றிக் கொண்டுவருகிறேன். அந்த இரண்டாம் படிவப் பிள்ளையை முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள்.